ராகப்பெட்டியில் இன்னொருவர்

கோந்த்வா, புனே
9.6.2014

சௌபாக்கியவதி சாவித்ரிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம்.

இங்கே நான், முகுந்த், தீபா மூவரும் சௌக்கியம். மழை இன்னும் வரவில்லை, தண்ணீர் டேங்கர் மட்டும் தவறாமல் வருகிறது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை கோவிந்தராஜன் சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா? அவர் சொல்வதை நம்பாதே, மாத்திரையை எண்ணிப் பார்.

விஷயத்துக்கு வருகிறேன். முகுந்த் என் போனில் 'ராகப்பெட்டி' என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழு ஆல்பம் ஒன்பது ரூபாய். ஒரு மணி நேர நாதஸ்வரம் ஒன்பது ரூபாய்! கராடியில் இவன் ஆபீஸ் வாசலில் ஒரு வடாபாவே அதைவிட அதிகம். முப்பத்தோரு வருஷம் விஜிலென்ஸ் செக்‌ஷனில் இருந்தவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேனா? "ஒம்பது ரூபாதானேப்பா, போனாப் போறது" என்கிறான் அந்த அசடு.

துருவிக் கேட்டதில் குட்டு வெளிப்பட்டது. வாங்கிய பாட்டு நம் போனில் இருக்காதாம். அவர்களுடைய கிடங்கு ஒன்றில் இருக்குமாம், வேண்டும்போது அங்கிருந்து கேட்டுக்கொள்ளலாமாம். நம்மிடமுள்ள பழைய பாட்டுகளையும் அங்கேயே கொண்டுபோய் வைக்கலாமாம். கொஞ்ச நாளைக்கு வாடகை கிடையாது. பார்த்தாயா சூட்சுமத்தை? அவன் விற்பது பாட்டு இல்லை, அலமாரி. நம் சாமானெல்லாம் உள்ளே போன பிறகு வாடகை கேட்பான். எழுதி வைத்துக்கொள்.

ஆனாலும் மூன்று ஆல்பம் வாங்கிவிட்டேன். தோடி நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வேறு போனிலிருந்து யாராவது என் பெட்டியைத் திறக்கப் பார்த்தால் ஒரு ரகசியக் கேள்வி கேட்கும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் கதவு பூட்டிக்கொள்ளும். 'உங்களுக்கு மிகவும் பிடித்த பாடகர் யார்?' என்பதுதான் கேள்வி. முகுந்தை வெளியே அனுப்பிவிட்டு நானே பதிலை அடித்தேன். உனக்கும் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனுக்கு எத்தனை காது என்று யாருக்குத் தெரியும்? ஒட்டிய கவரை எவனாவது பிரித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.
சூர்யநாராயணன்

❖

தென்காசி
20.6.2014

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் எல்லோரும் நலம். சாரல் தொடங்கிவிட்டது, முழங்காலும் கூடவே தொடங்கிவிட்டது. மாத்திரையை எண்ணினேன். இவர் நான்கு நாள் போடவில்லை. நீ சொன்னது சரியாகிவிட்டதே என்று எனக்கு இவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல்தான் அதிகம் வந்தது.

ஒன்பது ரூபாய்க்குத் தோடி கிடைத்தால் கேட்டுவிட்டுப் போயேன் அண்ணா. அதற்கும் ஒரு ஃபைல் போட வேண்டுமா?

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று எழுதுகிறேன். பாட்டு என்று படித்ததும் எனக்கு, தினமும் உனக்குப் பாடிக் காட்டிய வைஜுவின் ஞாபகம்தான் வந்தது. உன் பெண் வீட்டைவிட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. அருண்ராஜைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அவள் சொன்னபோது நீ ஒத்துக்கொண்டிருக்கலாம், முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். அவன் வேலை பார்த்த கம்பெனிக்கே, ஆள் யோக்கியனா, கையாடல் உண்டா, குடி உண்டா என்று பன்னிரண்டு கேள்வி எழுதி அனுப்பினாயே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால் அந்தப் பையன் தலைகுனிந்து நின்றான். தப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சரி, நிறுத்திக்கொள்கிறேன். முகுந்துக்கும் தீபாவுக்கும் ஆசி. மழையில் நனையாதே.

சாவித்ரி

❖

கோந்த்வா, புனே
28.7.2014

சாவித்ரிக்கு ஆசீர்வாதம். நலம், நலமென்று நம்புகிறேன்.

அந்தப் பெயரை இந்த வீட்டுக்கு வரும் கடிதத்தில் எழுதாதே என்று எத்தனை தரம் சொல்வது? ஹைதராபாத்திலோ எங்கேயோ இருக்கிறாள், இருக்கட்டும். இதற்குத்தான் ஒரு மாதமாகப் பதில் போடவில்லை. இப்போதும் வேறு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

என் ராகப்பெட்டியில் நான் வாங்காத ஆல்பம் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு கரகரப்பிரியா, நாதஸ்வரம். இந்த வாரம் வீணை. என் பணம் ஒரு பைசா போகவில்லை. அதுதான் எனக்கு உதைக்கிறது. திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இவன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான்!

முதலில் கம்பெனிக்காரன்மேல்தான் சந்தேகப்பட்டேன். சும்மா கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு பில் அனுப்புவான் என்று நினைத்தேன். ஆனால் கம்பெனிக்காரனுக்கு என் ரசனை எப்படித் தெரியும்? வேகமாக வாசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. வந்திருப்பது இரண்டும் நிதானமான வாசிப்பு. வெளியாள் வேலை இல்லை.

வீட்டில் போன் நுணுக்கம் தெரிந்தவள் மருமகள் தீபா. கோயம்புத்தூர்க்காரி, கெட்டிக்காரி. என் போன் சார்ஜில் இருக்கும்போது இரண்டு தடவை அந்தப் பக்கம் போனாள். நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது நேராகவே கேட்டுவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முகுந்தும் பின்னாலேயே எழுந்து போய்விட்டான். குற்றமுள்ளவர்கள்தான் எழுந்து போவார்கள்.

நீ என்ன நினைக்கிறாய்? யோசித்து எழுது.

சூர்யநாராயணன்

❖

தென்காசி
6.8.2014

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

எங்கள் சௌக்கியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவர், "உங்கண்ணா ஸ்வர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னு ரசீது கேப்பார்" என்றார்.

தீபாவிடம் கேட்டது அநியாயம். அந்தப் பெண் விடிகாலையில் எழுந்து உனக்குக் கஞ்சி வைத்துவிட்டு, கோந்த்வாவிலிருந்து கராடி வரைக்கும் டிராஃபிக்கில் போய் வருகிறாள். அவளுக்கு உன் கரகரப்பிரியாதான் குறைச்சலா? மன்னிப்புக் கேள்.

கம்பெனியே போனஸாகக் கொடுத்திருக்கும். கேட்டுவிட்டுச் சும்மா இரேன். வந்த ஆல்பங்கள் பிடித்திருக்கிறதா இல்லையா? அதை எழுதவே இல்லையே. எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சாவித்ரி

❖

கோந்த்வா, புனே
2.9.2014

சாவித்ரிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நலம். கணபதிக்கு டோல் அடித்து அடித்துச் சுவரெல்லாம் அதிர்கிறது.

தீபா குற்றமற்றவள். நிரூபித்தது அவளேதான். நேற்று என் எதிரே வந்து உட்கார்ந்து, "மாமா, மறுபடியும் யாரையாவது சந்தேகப்படறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க" என்று போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். என் பெட்டியைத் திறக்க அனுமதி உள்ள கருவிகளின் பட்டியல் அது. ஒன்று என் போன். இன்னொன்றும் இருக்கிறது! ஜூலை மூன்றாம் தேதி சேர்ந்திருக்கிறது. ஆல்பங்களை வாங்கியதும் அதிலிருந்துதான். கடைசியாக எந்தப் பாட்டை எந்தத் தேதியில் கேட்டது என்பதுகூட அங்கே பதிவாகிறது. ஆக, நான் எப்போது என்ன கேட்கிறேன் என்று எவரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எப்படி உள்ளே வந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. ரகசியக் கேள்விக்கு முதல் பதில் தப்பு. இரண்டாவது தப்பு. மூன்றாவது சரி.

அந்த இடத்தை நான் நாலு தரம் படித்தேன்.

'இந்தக் கருவியை நீக்கு' என்று பக்கத்திலேயே ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் ஆள் வெளியே. தீபா, "தட்டட்டுமா மாமா?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீக்கிவிடுவதாக இருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

தீபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சுமாராகத்தான் கேட்டேன். இன்று கஞ்சியில் உப்பு இருந்தது, எனவே ஏற்றுக்கொண்டாள் என்று தெரிகிறது.

ஆல்பங்கள் பிடித்திருக்கின்றன.

சூர்யநாராயணன்

❖

தென்காசி
5.9.2014
ஸ்பீடு போஸ்ட்

அண்ணாவுக்கு நமஸ்காரம். நலம். அவசரமாக எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

நீக்காதே.

யாரோ தெரியாத்தனமாக உள்ளே வந்திருக்கலாம். உன்னைப்போல ஒரு ரசிகராக இருக்கலாம். உன் பொருள் எதுவும் போகவில்லையே, வந்துகொண்டுதானே இருக்கிறது? வயதான காலத்தில் நாலு நல்ல பாட்டு வீடு தேடி வருகிறது. கதவை ஏன் சாத்துகிறாய்? இவரும் அதையேதான் சொல்கிறார். எனக்கு இந்த டெக்னாலஜி எல்லாம் தெரியாது. ஆனால் அதை மட்டும் தட்டாதே. எனக்காக.

சாவித்ரி

❖

கோந்த்வா, புனே
20.9.2014

சாவித்ரிக்கு ஆசி. நலம்.

நீக்கவில்லை. தற்காலிகமாகத்தான்.

பத்து ரூபாய் கொத்தமல்லிக்குப் பேரம் பேசுகிறவள் நீ, திருடனுக்கு ஸ்பீடு போஸ்டில் வக்காலத்து வாங்குகிறாய். மாப்பிள்ளையும் அதையே சொன்னாராம். உங்கள் இருவருக்கும் ஒரே கருத்து வந்ததாக என் அனுபவத்தில் இல்லை.

குறித்துக்கொண்டேன்.

சூர்யநாராயணன்

❖

தென்காசி
18.10.2014
ஸ்பீடு போஸ்ட்

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு என்ன? எனக்கு ராத்தூக்கம் இல்லை. முகுந்துக்குப் போன் செய்தால் "அப்பா நன்னாத்தான் இருக்கார் அத்தை" என்கிறான். அவன் ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறவன், அவனுக்கு என்ன தெரியும்? மார்வலி ஏதாவது வந்து மறைக்கிறாயா? ஒன்பது நாளாக நீ ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லையே! காலையில் பூபாளம் கேட்காமல் நீ பல் தேய்த்ததுண்டா? உடனே டாக்டரிடம் போய் ஈசிஜி எடு. எடுத்ததும் எழுது. இரண்டே வரி போதும்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வழுக்காமல் பார்த்துக்கொள்.

சாவித்ரி

❖

கோந்த்வா, புனே
24.10.2014

சாவித்ரிக்கு ஆசீர்வாதம்.

என் உடம்பு கல் மாதிரி இருக்கிறது. ஈசிஜியும் எடுத்தாகிவிட்டது, ஏனென்றால் உன் கடிதத்தைத் தீபா படித்துவிட்டாள்.

இப்போது என் கேள்விக்கு வா. நான் பாட்டுக் கேட்பது காதில் மாட்டிக்கொண்டு, என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் கேட்கிறேனா இல்லையா என்று முகுந்துக்குத் தெரியாது, தீபாவுக்கும் தெரியாது. தென்காசியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் உனக்கு எப்படித் தெரிந்தது? அதுவும் எட்டு இல்லை, பத்து இல்லை, கணக்காக ஒன்பது நாள். அதைப் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றுதான். என் பெட்டியில் இருக்கும் அந்த இரண்டாவது கருவி.

நான் பாட்டை நிறுத்தியது வேண்டுமென்றே. வலை விரித்தேன், நீ வந்து விழுந்தாய். உன் கடிதம் வரும்வரை பூபாளம் இல்லாமல் பல் தேய்த்தது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

யார் அது? எங்கே இருக்கிறார்? எத்தனை நாளாக உனக்குத் தெரியும்? ஒன்றையும் மறைக்காமல் எழுது. இனிமேல் மழுப்பினால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

சூர்யநாராயணன்

❖

தென்காசி
3.11.2014

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நாலைந்து நாளாகக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இனிமேல் முடியாது, எழுதிவிடுகிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அது வைஜுதான்.

அவள் ஹைதராபாத்தில் இல்லை. அருண்ராஜுக்குத் தளேகாவ் தொழிற்சாலையில் வேலை மாறி ஒன்றரை வருஷமாகிறது. உன் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் என்கிறாள். எனக்கு மாதம் ஒருமுறை போன் செய்வாள். முதல் கேள்வியே "அப்பா எப்படி இருக்கார் அத்தை?" என்பதுதான். உன் முதல் கடிதம் வந்ததும் ராகப்பெட்டியைப் பற்றி நான்தான் சொன்னேன். ரகசியக் கேள்வியையும் படித்துக் காட்டினேன். திட்டுவதானால் என்னைத் திட்டு. உன் மின்னஞ்சலை ஆரம்பித்துக் கொடுத்தவள் அவள்தானே, அந்த முகவரி அவளுக்கு மறக்குமா?

பெட்டியைத் திறந்த அன்று ராத்திரி அவள் எனக்குப் போன் செய்து விக்கி விக்கி அழுதாள். நீ சாமிபோல நினைக்கும் அந்த இரண்டு வித்வான்களின் பெயரையும் அடித்திருக்கிறாள், இரண்டும் தப்பு. இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். தப்பானால் கதவு பூட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் பெயரையே அடித்திருக்கிறாள். கதவு திறந்தது.

அண்ணா, எனக்கு மனசு ஆறவில்லை. அவள் பெயரைக் கடிதத்தில் எழுதாதே என்று என்னை அதட்டினாயே, அப்போதும் உன் பெட்டிக்குள்ளே அந்தப் பெயர்தானே இருந்தது? நீ பெரிய விஜிலென்ஸ் அதிகாரிதான். உன் பெண்ணை மட்டும் ஆறு வருஷமாகத் தேடவில்லை.

தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, நீ பூபாளம் கேட்டாயா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்றவைக்கிறாள். அந்த ஒன்பது நாளும் அவள் பட்டது எனக்குத்தான் தெரியும். பத்தாம் நாள் கோந்த்வா வரை வந்து, உன் கட்டிடத்துக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் நின்றிருக்கிறாள். நீ பையுடன் காய்கறி வாங்கப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். "கூப்பிடறதுதானே" என்றேன். "அவர் போட்ட ஃபைல் இன்னும் மூடலையே அத்தை" என்றாள்.

பட்டனைத் தட்டுவதும் தட்டாததும் உன் இஷ்டம். அவள் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

சாவித்ரி

❖

தளேகாவ்
24.11.2014

சௌபாக்கியவதி சாவித்ரிக்கு அண்ணாவின் ஆசீர்வாதம். மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பாய். நான் நலம். இங்கே எல்லோரும் நலம்.

முதலில் என் வாக்குமூலம். யார் அது என்று உன்னிடம் கேட்டேனே, எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். மூன்றாவது பதில் சரி என்று பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு நான் என்ன எழுதியிருப்பேன் என்று வேறு எவருக்குத் தோன்றும்? பிறகு எதற்கு வலை என்பாய். வந்தது பாட்டுக்கா, எனக்கா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சும்மா நம்பிவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார், அதுதான் என் வியாதி. அவளை மருந்துக்கடை வாசலில் நிற்கவைத்த பாவியும் நான்தான். அந்த வரியைப் படித்துவிட்டு நான் அழுதேன். தீபாவுக்குத் தெரியும்.

பிறகு பத்துப் பதினைந்து நாள் வெறும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். நேற்று சிவாஜிநகரில் லோணாவளா லோக்கலைப் பிடித்தேன். டிக்கெட்டை இரண்டு தரம் சரிபார்த்தேன். நீ கொடுத்த விலாசம் சரியா என்று வழியில் மூன்று பேரிடம் விசாரித்தேன். கதவைத் திறந்தது வைஜு. இளைத்திருக்கிறாள். "உள்ள வாங்கோப்பா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நானும் செருப்பை எங்கே விடுவது என்றுதான் கேட்டேன், ஆறு வருஷத்துக்குப் பிறகு!

அருண்ராஜ் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தான். என்னைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். நான் எழுதி எடுத்துப்போன காகிதத்தை நீட்டினேன். எனக்கு வேறு பாஷை தெரியாது சாவித்ரி, ஆபீஸ் பாஷைதான் தெரியும். அதில் எழுதியிருந்தது இதுதான்:

'பொருள்: திரு. அருண்ராஜ் மீது 2008-இல் நடத்தப்பட்ட விசாரணை. முடிவு: சந்தேகத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. விசாரித்தவர் செய்தது தவறு. அவர் வருந்துகிறார். இத்துடன் கோப்பு மூடப்படுகிறது. சூர்யநாராயணன்.'

அவன் நின்றபடியே படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். வைஜு சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நின்றாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஈசிஜி எடுத்தவன் பொய் சொல்லிவிட்டானோ என்றுகூட நினைத்தேன். அருண்ராஜ் நிமிர்ந்து பார்த்து, "மாமா, தேதி போடலையே" என்றான்.

முப்பத்தோரு வருஷத்தில் தேதி போடாமல் ஒரு காகிதம் என் கையைவிட்டுப் போனதில்லை. அவனே பேனாவை எடுத்துக் கொடுத்தான். போட்டேன். எழுத்து கோணலாக வந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காபியா, டீயா?" என்று கேட்டான். காபி என்றேன். சிக்கரி அதிகம்தான். சொல்லவில்லை.

ஒரு சங்கதி. ராகப்பெட்டியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஒன்பது ரூபாய் ஆல்பமெல்லாம் வருகிற மாதத்தோடு சரியாம். ஜனவரி முதல் கிடங்குக்கு வாடகையாம். அன்றே சொன்னேனா இல்லையா? கட்டிவிட்டேன். தெரிந்தே நான் ஏமாந்தது இது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம். மாத்திரையை எண்ணுவதை நிறுத்திவிடாதே.

சூர்யநாராயணன்

அத்தைக்கு வைஜுவின் நமஸ்காரம். கீழே கொஞ்சம் இடம் இருந்தது, அதனால் எழுதுகிறேன். கவரை ஒட்டாமலே நேற்று ராத்திரி அப்பா கடிதத்தை என்னிடம் கொடுத்து, "நீயே படிச்சுட்டு ஒட்டிடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். படித்துவிட்டேன். நான்தான் ஒட்டப்போகிறேன். இன்று காலையில் ஐந்தரை மணிக்குப் பூபாளம் கேட்டது, அடுத்த அறையிலிருந்து.